வளவு வீடு, பிளெண்டர், 64 ஜிபி ராம்

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு செட்டிநாட்டு வீட்டைக் கட்டி வருகிறேன். முகப்பு, திண்ணை, வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு), நடுவில் வானம் பார்த்த முற்றம், மேலே நாட்டு ஓடு, கீழே ஆத்தங்குடி டைல்ஸ். திண்ணை முடியும்வரை 16 ஜிபி ராமில் வேலை சிரமமில்லாமல் ஓடியது. வளவுக்குள் டெக்ஸ்சர்களை (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) ஏற்ற ஆரம்பித்ததும், ரெண்டர் (இறுதிப் படத்தைக் கணக்கிடும் வேலை) தொடங்குவதற்கு முன்பே எல்லாம் உறைந்து நின்றது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மெமரி முழுக்க நிரம்பி, எஸ்எஸ்டி ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ராமில் இடமில்லாததை விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளுகிறது. பிராசசர் சும்மா காத்திருக்கிறது.

உடனே கடைக்குப் போகவில்லை. மெமரி எங்கே போகிறது என்று முதலில் பார்த்தேன். பிளெண்டரின் அடிப்பட்டையில் ரைட் கிளிக் செய்து சிஸ்டம் மெமரியை டிக் செய்தால் அளவு அங்கேயே ஓடும். கலெக்‌ஷன்களை (பொருட்களின் தொகுப்புகள்) ஒவ்வொன்றாக அணைத்து ரெண்டர் போட்டு உச்ச அளவைக் குறித்துக்கொண்டேன்.

பெரிய பங்கு டெக்ஸ்சருக்குத்தான் போகிறது. டிஸ்கில் சில எம்பி மட்டுமே இருக்கும் ஜேபெக் படம், ராமில் ஏறும்போது சுருக்கம் அவிழ்ந்துவிடும். 4கே படம் என்றால் 4096க்கு 4096 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட், ஆக 64 எம்பி. 8கே என்றால் 256 எம்பி. டைலின் நிறம், சொரசொரப்பு, நார்மல், டிஸ்பிளேஸ்மென்ட் (இரண்டும் மேடுபள்ளம் காட்டுபவை) என்று நான்கு படங்களும் 8கேயில் இப்படி ஏறினால் ஒரே மெட்டீரியலுக்கு 1 ஜிபி. வானத்துக்கு வைத்த 8கே எச்டிஆர் படம் (8192க்கு 4096) பிக்சலுக்கு 16 பைட் கேட்கும். அது ஒன்றே 512 எம்பி. ஆத்தங்குடி டைலைக் கண்ணாடி மேல் நிறச் சாந்து ஊற்றிக் கையால் செய்வார்கள். அந்தப் பளபளப்பில் தெரியும் மெல்லிய நிறக் கசிவு 2கேயில் காணாமல் போகிறது. தரைக்கு மட்டும் 8கேயைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. கேமராவிலிருந்து தூரத்தில் இருக்கும் தூண், கதவு, நிலைக்கெல்லாம் 2கே தாராளம்.

ஓடுகளில் நிறைய மிச்சம் பிடிக்கலாம். ஓட்டைப் பிரதி எடுக்க ஷிஃப்ட் டி போட்டால் ஒவ்வொரு ஓட்டுக்கும் தனி மெஷ் (வடிவத்தின் வலை) உருவாகும். ஆல்ட் டி போட்டால் எல்லா ஓடும் ஒரே மெஷ்ஷைப் பகிர்ந்துகொள்ளும். பிளெண்டரின் ரெண்டர் இன்ஜினான சைக்கிள்ஸ் அதை ஒரே தடவைதான் மெமரியில் வைக்கும். முகங்களைப் பிரித்து நுணுக்கமாக்கும் சப்டிவிஷனில் ஒரு படி ஏற்றினால் முகங்கள் நான்கு மடங்காகும் என்பதையும் மனதில் வைத்து, கூரைக்கு ஒரு படியோடு நிறுத்திக்கொண்டேன்.

இவ்வளவு சிக்கனம் பிடித்தும் உச்ச அளவு 27 ஜிபியைத் தொட்டது. பிளெண்டர் தளத்திலேயே 32 ஜிபி பரிந்துரை என்றுதான் போட்டிருக்கிறார்கள். அதோடு படம் திருத்தும் கிம்ப், பிரவுசர், படமெடுத்து வந்த மாதிரிகள் எல்லாம் பக்கத்தில் திறந்திருக்கும். அதனால் 64 என்று முடிவு செய்தேன்.

என்னுடையது ரைசன் 7 5700எக்ஸ், பி550 போர்டு. எனவே டிடிஆர்4 தவிர வேறு வழியில்லை. டிடிஆர்5 ஸ்டிக்கின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் உட்காராது. நண்பரிடம் இரண்டு 16 ஜிபி ஸ்டிக் வாங்கி, பழைய இரண்டு எட்டோடு சேர்த்து 48 ஆக்கிப் பார்த்தேன். 3200 வேகத்தில், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ பிழை காட்டியது. 2666க்கு இறக்கியதும் சரியாக ஓடியது. ராத்திரி முழுக்க ஓடும் ரெண்டருக்கு அந்தக் கலப்பு வேண்டாம் என்று, ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் இரண்டு 32 ஜிபி ஸ்டிக் வாங்கினேன். வேகம் 3200, சிஎல்16 (கேட்ட டேட்டாவைத் தர ராம் எடுக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை). 3600 சிஎல்18 கூடுதல் விலையில் கிடைத்தது. ஆனால் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் தாமதம் அதே 10 நானோ வினாடிதான். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்துக்கு அந்தப் பணத்தை வேகத்தில் போடுவதை விட அளவில் போடுவதே மேல்.

பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். இரு பக்கக் கொக்கியும் டக்கென்று விழும்வரை அழுத்த வேண்டும். என் ஏர் கூலரின் ஃபேன் முதல் இரண்டு ஸ்லாட்டுக்கு மேலே தொங்குகிறது; அதனால் உயரமான ஹீட் ஸ்பிரெடர் இல்லாத ஸ்டிக்காகப் பார்த்து எடுத்தேன். பயாஸில் எக்ஸ்எம்பியை (ஸ்டிக்கில் எழுதிய முழு வேகத்துக்கான அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் இந்த ஸ்டிக் 2666லேயே ஓடும்.

2666, 3200 என்று இரண்டு வேகத்திலும் அதே ஃபிரேமைச் சிபியூவில் ரெண்டர் போட்டேன். வித்தியாசம் சில வினாடிகள்தான். 16லிருந்து 64க்குப் போனதில் கிடைத்தது வேறு ரகம்: பேஜ் ஃபைல் பக்கமே போகவில்லை, ரெண்டர் உடனே தொடங்குகிறது.

நான் எதிர்பாராத பலன் பர்சிஸ்டென்ட் டேட்டாவில். ரெண்டர் அமைப்பில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் இருக்கிறது. அதை ஆன் செய்தால் ஒரு ஃபிரேம் முடிந்ததும் காட்சியை மெமரியிலிருந்து கலைக்காமல் அடுத்த ஃபிரேமுக்கு அப்படியே வைத்துக்கொள்ளும். கேமரா மட்டும் வளவைச் சுற்றி நகரும் காட்சிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் டெக்ஸ்சர் ஏற்றும் நேரம் மொத்தமாக மிச்சம். பழைய 16 ஜிபியில் இதைத் தொடக்கூட முடியாது.

கிராஃபிக்ஸ் கார்டு தனிக் கணக்கு. என் ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி இருக்கிறது. முழு வீடு அதில் அடங்கவில்லை. காட்சியை எளிதாக்கும் சிம்ப்ளிஃபை அமைப்பில் டெக்ஸ்சர் வரம்பை 2கேயாக வைத்து வெளிச்சம் பார்க்க மட்டும் கார்டு, இறுதி ரெண்டருக்குச் சிபியூ என்று பிரித்துக்கொண்டேன்.

அடுத்து முற்றத்தில் மழை. நான்கு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் உள்ளே கொட்ட வேண்டும். தண்ணீரைக் கணக்கிடும் பெட்டியான டொமைனின் ரெசல்யூஷனை 128இல் வைத்து பேக் செய்து (முன்கூட்டியே கணக்கிட்டு) பார்த்தாயிற்று; தண்ணீர் கூழ் மாதிரி விழுகிறது. 256 என்றால் கட்டங்கள் எட்டு மடங்கு. இந்த வாரம் அதைத்தான் ஓட்டப் போகிறேன்.