குற்றவாளி பேட்டரி இல்லை

கோத்தகிரியில் மார்கழி வந்தால் எனக்கே எழ மனம் வராது. காரை என்ன சொல்ல? செல்ஃப் அடித்தால் உர்ர்... உர்ர்... என்று இழுத்து, நாலாவது முறைதான் உயிர் வந்தது. பேட்டரியை மாற்றச் சொன்னார் மெக்கானிக். எனக்கு மனசு கேட்கவில்லை. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தால் 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போதும் 10.8க்குக் கீழே இறங்கவில்லை. அதாவது, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் தம்பியைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அளந்தேன். வழியிலேயே வீணாவது 1.4 வோல்ட்! அரை வோல்ட் இருந்தாலே அதிகம். பார்த்தால், பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் சிவப்புமாகத் துரு. நெகட்டிவைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி முறுக்கினேன். இப்போது 0.1. தொட்டதும் பிடிக்கிறது. பேட்டரிக்கு வைத்திருந்த 6,000 ரூபாய் மிச்சம். அதற்கு வீட்டில் ஏற்கனவே கணக்குப் போட்டாயிற்று.