அறுபது வெள்ளிப் பால்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் லிந்தாங் சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டுச் சாலையோரத் தேநீர்க் கடையான ஒட்டுக்கடையில் வந்து உட்காரும். உட்கார்ந்த பிறகுதான் உண்மையான வேலையே தொடங்கும். டயர், சீட்டு, செயின், கியர் என்று ஆளாளுக்கு ஒரு வேதம் வைத்திருக்கிறார்கள். எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே கடைக்கார அக்காவுக்கு முகம் சுருங்கிவிடும். "ஆளுக்கு ஒரு தே ஓ, அதுக்கு ரெண்டு மேசை" என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பேங்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர்: கார்பன் சைக்கிள், நடந்தால் டக் டக் என்று சத்தம் போடும் சப்பாத்து. லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர்: மவுண்டன் பைக், தலையில் மோட்டார் ஹெல்மட். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், எல்லாருக்கும் வாத்தியார். நான் ஓட்டுவது முன்னால் கூடை வைத்த சாதா சைக்கிள். கூடை இருக்கிற காரணத்தால் என் கருத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் தம்பியின் பம்பு, மழைச்சட்டை, போத்தல் எல்லாம் அந்தக் கூடையில்தான் பயணம் செய்யும். ஒரு திருகாணியை மாற்றிச் சைக்கிளின் எடையில் இத்தனை கிராம் குறைத்தேன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எடை குறைந்தது உண்மைதான். குறைந்தது எங்கே போனது என்று என் முழங்காலுக்குத் தெரியும்.

தாத்தா எங்கள் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. ஊருக்கு வெளியே சொந்தமாக ரெண்டு ஏக்கர் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வைத்திருக்கிறார். சுற்றிலும் எல்லாரும் செம்பனைக்கு, எண்ணெய்ப் பனைக்கு, மாறிவிட்டார்கள், அவர் மாறவில்லை. விடியுமுன்னே மரம் வெட்டிவிட்டு, அதாவது பட்டையைக் கீறிவிட்டு, மங்குக் கிண்ணத்தில் பால் நிறையும் வரைக்கும் கோப்பி குடிக்க வருவார். வருவது பழைய ராலே சைக்கிளில். கேபிள் கிடையாது, இரும்புக் கம்பி பிரேக்கு. எடை கிட்டத்தட்ட 20 கிலோ இருக்கும். பக்கத்து மேசையில் உட்கார்ந்து எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதல் சண்டை எப்போதும் காற்று. தம்பிக்கு டயரில் 120 பி.எஸ்.ஐ. காற்று அடித்தே ஆகவேண்டும். விரலால் அமுக்கினால் அமுங்கக் கூடாது, அமுங்கினால் வேகம் போச்சு என்பார். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அதற்கு மேல் போகாதே என்கிற எல்லை. இவ்வளவு அடி என்று யாரும் சிபாரிசு செய்யவில்லை. அதை அவர் தேர்வு மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு முழுசாக வாங்கப் பார்ப்பார். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உழுதுபோட்ட சாலை எங்களுடையது. 120 அடித்த டயர் ஒவ்வொரு கல்லுக்கும் ஆளையும் சைக்கிளையும் சேர்த்து மேலே தூக்கும். முன்னால் போகவேண்டிய பலம் மேலே போய்விடும். கொஞ்சம் இளகிய, கொஞ்சம் அகலமான டயர் அந்தக் கல்லை விழுங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். உலகப் பந்தயங்களில் ஓடுகிறவர்களே 23 மில்லிமீட்டர் டயரை விட்டு 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். ஆனால் கடகடவென்று ஆட்டம் கொடுத்தால்தான் வேகமாகப் போகிற உணர்வு வருகிறது, அதுதான் சிக்கல்.

இதையெல்லாம் வாத்தியார் எடுத்துச் சொன்னார். தம்பி அசரவில்லை. "அது ஐரோப்பா ரோடு வாத்தியாரே, நம்ம ரோடு வேற" என்றார். நம் ரோடு வேறுதான். எந்தப் பக்கம் வேறு என்பதை அவர் யோசிப்பதற்குள் தாத்தா பக்கத்து மேசையிலிருந்து வாயைத் திறந்தார்.

"ஜப்பான்காரன் டயரே இல்லாம சிங்கப்பூர் வரைக்கும் போனான்யா. நீ என்னாடான்னா 23-ங்கிற, 28-ங்கிற."

அது கட்டுக்கதை இல்லை. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரைப் பிடித்தது. இடையில் தீபகற்பம் முழுக்கச் சைக்கிளில் வந்தவர்கள் ஏராளம். வெயிலில் டயர் வெடித்துப் போனால் வெறும் ரிம்மில் ஓட்டினார்களாம். ராத்திரியில் அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டு டாங்கிதான் வருகிறது என்று எதிரிப் படை பயந்திருக்கிறது. தாத்தாவுக்கு அவருடைய அப்பா சொன்ன கதை. மேசையே அமைதியாகிவிட்டது.

லோரி அண்ணன் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அவங்களுக்குச் சீட்டு எப்படி இருந்துச்சாம் தாத்தா?"

அண்ணனுக்கு உலகத்தில் ஒரே பிரச்சினை சீட்டுதான். ஜெல் உறை ஒன்று போட்டார், வலித்தது. அதன் மேல் இன்னொன்று போட்டார், மரத்துப்போனது. அரை மணி ஓட்டிவிட்டு இறங்கினால் கடைக்குள் பக்கவாட்டில்தான் நடந்து வருவார். சைக்கிள் சீட்டில் நம் பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கிற இரண்டு எலும்புகள். சீட்டு அந்த எலும்புக்கு ஏற்ற அகலத்தில், கொஞ்சம் கெட்டியாக இருந்தால் போதும். மெத்தை கூடினால் எலும்பு உள்ளே அமிழ்ந்து, நடுவில் மெத்தை எழும்பி, நரம்பு ஓடுகிற இடத்தை நெருக்கும். இதைச் சொன்னால் அண்ணன் தலையை ஆட்டுவார். அடுத்த வாரம் மூன்றாவது உறையோடு வருவார்.

அந்த மூன்று உறையின் உயரம் வாத்தியாருக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சீட்டை அடிமட்டத்தில் இறக்கி வைத்திருப்பார். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதியவேண்டுமாம், அதுதான் பாதுகாப்பாம். மிதிக்கும்போது முழங்கால் நெஞ்சுக்கு வரும், வீட்டுக்குப் போனதும் தைலம் தேய்ப்பார். பெடலைக் கீழே இறக்கி அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். சீட்டு உயரத்துக்கு இந்த ஒரு கணக்குப் போதும், பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது லேசான மடிப்புத் தானாக வந்துவிடும். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கவேண்டும். ஒருநாள் தம்பி வற்புறுத்திச் சீட்டை ஏற்றிவிட்டார். வாத்தியாரும் ராஜா மாதிரி போனார், சிக்னல் விளக்கு வரைக்கும். இறங்குகிற பாடம் நடக்காததால் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, கால் எட்டாமல், பக்கத்தில் நின்ற மோட்டார்க்காரரின் தோளைக் கட்டிப் பிடித்துவிட்டார். அவர் திரும்பிப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "அப்பா கபார், சிக்கு?" என்று மலாயில் நலம் கேட்டார். பழைய மாணவராம். பச்சை விளக்கு விழுந்து, பின்னால் ஹாரன் அடித்து, குடும்ப நலம் விசாரித்து முடிகிற வரைக்கும் அந்தத் தோளை அவர் விடவே இல்லை. மறுநாள் சீட்டு பழையபடி கீழே வந்துவிட்டது.

செயின் எண்ணெய் விஷயத்தை நீட்டப்போவதில்லை. அண்ணன் லோரியிலிருந்து வடித்த கருப்பு எண்ணெயை ஊற்றுவார். அதில் மண் ஒட்டி அரைபட்டு, அவருடைய காற்சட்டை ஒன்றுகூடச் சுத்தமாக இல்லை. வாத்தியார் எதற்கெடுத்தாலும் டபிள்யூடி-40. அது 1953-இல் தண்ணீரை விரட்டித் துருவைத் தடுப்பதற்காகச் செய்தது. நாற்பதாவது முயற்சியில் பலித்ததால்தான் அந்தப் பெயர். அழுக்கைக் கழற்ற நல்லது, மழையில் நனைந்த செயினுக்கும் நல்லது. ஆனால் நீர்த்த சமாச்சாரம், செயினில் தங்காது. தாத்தா தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மேலே கசிந்ததைத் துணியால் துடைத்துவிடுவார். அவருடைய செயின் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

இப்போது பாலுக்கு வருகிறேன்.

தோட்டத்துச் சாலையில் சைக்கிளுக்கு எமன் செம்பனை முள். குலை வெட்டும்போது மட்டையையும் வெட்டித் தள்ளுவார்கள். அதன் அடிப்பக்கம் முழுக்க முள். ஒன்று சாலைக்கு வந்தால் போதும், டயர் பொத்தல். தம்பி இதில் வெறுத்துப்போய், டியூப் இல்லாத டயருக்கு மாறினார். அதற்குள் ஒரு வெள்ளைத் திரவத்தை ஊற்றிவிட்டால் முள் குத்தினாலும் அதுவே ஓட்டையை அடைத்துவிடுமாம். போத்தல் அறுபது வெள்ளி, அதாவது அறுபது ரிங்கிட். வெளிநாட்டுச் சரக்கு. நம் வெயிலுக்கு உள்ளே சீக்கிரம் காய்ந்துவிடும், சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஊற்றவேண்டும். அன்றைக்குக் கடையிலேயே வால்வைக் கழற்றி, போத்தலைக் குலுக்கி, மூடியைத் திறந்தார்.

தாத்தா கோப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மூக்கை ஒருதரம் உறிஞ்சினார்.

"என்னா தம்பி, பால் எடுத்துட்டு வந்துட்டியா?"

"பால் இல்ல தாத்தா, சீலண்ட்."

"அத இங்க குடு."

ஒரு சொட்டை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் அது திரிதிரியாக உருண்டு வந்தது. அதைத் தம்பியின் கண்முன்னால் இழுத்துக் காட்டினார். நீண்டது, விட்டதும் சுருங்கியது.

"அமோனியா போட்ட பால். ஐம்பது வருஷமா இந்த வாடையிலதான்யா சோறு தின்னேன்."

"இல்ல தாத்தா, இது டெக்னாலஜி" என்றார் தம்பி. குரலில் அவ்வளவு உறுதி இல்லை. வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தார். இயற்கை ரப்பர் பால், அமோனியா, இன்னும் சில சாமான்கள். எல்லாப் போத்தலும் இப்படி இல்லை, செயற்கையாகச் செய்ததும் விற்கிறது. இது தாத்தாவின் கட்சி.

பிறகு தாத்தா பாடம் நடத்தினார். மரத்திலிருந்து இறங்கிய பால் சும்மா விட்டால் அன்றைக்கே கட்டிப் போய்விடும். பாலாகவே வைத்திருக்கவேண்டும் என்றால் அமோனியா, ரப்பர் ஷீட்டு போட உறையவைக்கவேண்டும் என்றால் ஆசிட். டயருக்குள்ளேயும் அதே சங்கதிதான். உள்ளே இருக்கும்வரை பாலாக ஓடிக்கொண்டிருக்கும். முள் குத்தினதும் காற்று பாலையும் இழுத்துக்கொண்டு ஓட்டை வழியாக வெளியே வரும், அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். வாத்தியாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டது 1877. டன்லப் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியது 1888. டயருக்கு முன்னாலேயே ரப்பர் நம்ம பக்கத்து ஊருக்கு வந்தாச்சு" என்றார். தம்பி அறுபது வெள்ளியைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

யோசித்தவர் இன்னொருவரும் இருந்தார். அன்று மத்தியானமே லோரி அண்ணன் மைலோ டின்னோடு தாத்தாவின் தோட்டத்துக்குப் போய்விட்டார். "அமோனியா இல்லாம ஊத்தாதே" என்று தாத்தா சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். "ரெண்டு சொட்டுதானே தாத்தா, ஒண்ணும் ஆகாது" என்று இவர் சொல்லித்தான் வாங்கியிருக்கிறார். இவருடையது டியூப் உள்ள டயர், மோட்டாருக்கு இருக்கிற அதே வால்வு. அதன் உள்பாகத்தைக் கழற்றி, ஊசி போடுகிற சிரிஞ்சால் ரெண்டு சக்கரத்துக்கும் தாராளமாக ஏற்றிவிட்டார். சைக்கிளை வராந்தாவில் சாத்தினார். வாரம் முழுக்கத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு புறப்பட்டதும் சத்தம். தொப்பு. ஒரு சுற்று. தொப்பு. ரிம் வளைந்துவிட்டது என்றார் அண்ணன். பேரிங் என்றார் தம்பி. வேகம் கூடக் கூட தொப்பும் நெருங்கி வந்தது, அண்ணன் சீட்டில் குதித்துக்கொண்டே போனார். மூன்று உறை அன்றைக்குத்தான் பிரயோஜனப்பட்டது.

சைக்கிள் கடை முதலாளியான தவுக்கே டியூபைக் கழற்றி அமுக்கிப் பார்த்தார், கத்தரியால் வெட்டினார், உள்ளே கையை விட்டு இழுத்தார். கை நீளத்துக்கு வெள்ளையாக, சக்கரத்தின் வளைவிலேயே வளைந்து, ஒரு கட்டிப்பால் வந்தது. "இனி அப்பா?", இது என்ன என்று மலாயில் கேட்டார் தவுக்கே. பதில் சொல்ல அவசியமே இல்லாமல் நாற்றம் எழுந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நாற்றத்தை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்கு விளக்கி முடியாது. டயர் வாங்க வந்த இரண்டு பேர் அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பின் சக்கரத்தையும் இங்கேயே பிரிக்கவா என்று தவுக்கே கேட்கவில்லை, வெளியே கொண்டுபோ என்று கையைக் காட்டினார்.

ஒட்டுக்கடைக்கு வந்தபோது தாத்தா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "சுத்தமான பால். இத எதுக்குத் தூக்கிப் போடணும், ஸ்கிராப்பு ரப்பர்ல சேர்த்துக்கலாம்" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் என் கூடையில் வைத்தார். அக்கா எங்களுக்கு அன்றைக்கு மேசையே தரவில்லை. தேயை வெளியே நின்றுதான் குடித்தோம்.

தம்பி சீலண்டை ஊற்றி முடித்துக் காலிப் போத்தலைக் குப்பையில் போடப் போனார். தாத்தா கையை நீட்டினார்.

"அத இங்க குடுயா. மூக்கு நல்லா கூரா இருக்கு. செயினுக்கு எண்ணெய் விட ஆகும்."