எஸ்டீமுக்கு ஹெடர் பொருத்திய நாட்கள்

2016 ஜூன் 5, ஞாயிறு

என்னுடைய மாருதி எஸ்டீம் 2004ஆம் ஆண்டு வண்டி. 1298 சிசி, 16 வால்வு, புதிதாக வந்தபோது 85 குதிரைத்திறன். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் இதன் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, நான்கு குழாய்கள் இரண்டாகி, பின் ஒன்றாகச் சேரும் 4-2-1 ஹெடர் பொருத்துவது என்று முடிவு செய்திருக்கிறேன். இந்த இன்ஜினின் எரியூட்டு வரிசை 1-3-4-2 என்பதால், ஒன்றையும் நான்கையும் ஒரு குழாயிலும், இரண்டையும் மூன்றையும் மற்றொரு குழாயிலும் சேர்த்தால், ஒரு சிலிண்டர் தள்ளும் புகை அடுத்ததன் வழியில் குறுக்கிடாமல் வெளியேறும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மட்டும் தொடுவதாக இல்லை.

பழைய இன்ஜினுக்குச் செலவு செய்யும் முன் அதன் உடல்நிலையைப் பார்த்துவிட வேண்டும் என்று, சிலிண்டருக்குள் எழும் அழுத்தமான கம்ப்ரஷனை அளந்தேன். நான்கு சிலிண்டர்களும் 176 முதல் 183 பிஎஸ்ஐக்குள் இருந்தன. விடியற்காலையில் மதுக்கரைப் புறவழிச்சாலையில் மூன்றாம் கியரில் 40இலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். ஆனி பிறக்கும் முன்பே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டதால், போகும்போது மூன்று முறையும் திரும்பும்போது மூன்று முறையும் எடுத்துச் சராசரி பார்த்தேன்: 9.1 நொடி. ஒரு திசையில் மட்டும் அளந்திருந்தால் காற்றின் வலிமையை என் கைத்திறன் என்று நம்பியிருப்பேன்.

ஜூன் 11, சனி

மூன்று இரவுகள் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தும், மேனிஃபோல்டைக் கழற்றும்போது, அதை சிலிண்டர் ஹெட்டோடு பிடித்திருக்கும் மரையாணிகளில் ஒன்றான நான்காவது சிலிண்டரின் ஓர ஸ்டட் முறிந்தது. ரிங் ஸ்பேனர் திடீரென்று லேசாகிப் போன அந்தக் கணத்திலேயே வயிறு கலங்கிவிட்டது. சிலிண்டர் ஹெட் அலுமினியம், ஸ்டட்டோ எஃகு. துளையிட்டு எடுக்க முயன்றால் டிரில் வழுக்கி மென்மையான அலுமினியத்துக்குள் இறங்கிவிடும்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் ஓடினேன். “ஏனுங்க தம்பி, சூடு பண்ணாமயே திருகுனீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, வெல்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். பேட்டரியின் இரு முனைகளையும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியுவின் இணைப்பையும் கழற்றச் செய்த பிறகே மெஷினைத் தொட்டார். வெளியே நீண்டிருந்த நான்கு மில்லிமீட்டர் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் நடுத்துளையை வெல்டிங்கால் நிரப்பினார். செந்நிறம் அடங்கியதும் ஸ்பேனரை முன்னும் பின்னுமாகக் கால் சுற்று அசைத்தார். ஐந்தாவது அசைவில் ஸ்டட் கிறீச்சென்று இளகிக் கையோடு வந்தது. கூலியாக இருநூறு ரூபாய்தான் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 12, ஞாயிறு

புதிய ஸ்டட்டுகள், இடையே கசிவைத் தடுக்கும் புதிய கேஸ்கெட். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு என்ற வரிசையில், 23 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன். சத்தம் கம்பீரமாக இருந்தது. வண்டி பறப்பதாகவே தோன்றியது.

ஜூன் 18, சனி

கம்பீரம் காதோடு நின்றுவிட்டது. சராசரி 9.3 நொடி, அதாவது முன்பைவிட மோசம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடிய வண்டி 11தான் ஓடுகிறது. புகைப் பரிசோதனையில், 0.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டிய கார்பன் மோனாக்சைடு 1.1 காட்டியது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் டிக் டிக் என்ற ஓசை கேட்கிறது. இன்ஜின் சூடானதும் மறைந்துவிடுகிறது.

ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருக்க வேண்டும். இரண்டு புகைத் துடிப்புகளுக்கு இடையே அழுத்தம் குறையும்போது, அந்த இடுக்கின் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அதிலுள்ள ஆக்சிஜனைக் கண்ட சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று அறிவிக்க, இசியுவும் அதை நம்பித் தேவைக்கு மேல் ஊற்றுகிறது.

ஜூன் 19, ஞாயிறு

வேக்யூம் கிளீனரின் ஊதும் முனையைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகி, குளிர்ந்த இன்ஜினில் ஹெடர் விளிம்பெங்கும் சோப்புத் தண்ணீர் தடவினேன். நான்காவது சிலிண்டருக்குக் கீழே நுரை பொங்கியது. ஹெடரைக் கழற்றி நேர்விளிம்புக் கம்பியை வைத்துப் பார்த்தால், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.3 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. தயாரித்தவர்கள் வெல்டிங் செய்தபோது விளிம்பு வளைந்திருக்கிறது. பொருத்தும் முன் நானும் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

ஜூன் 25, சனி

பெரியவரின் பட்டறையில் விளிம்பைச் சமதளமாகத் தேய்த்து வாங்கி, மறுபடியும் புதிய கேஸ்கெட்டோடு பொருத்தினேன். டிக் டிக் ஓசை இல்லை. கார்பன் மோனாக்சைடு 0.3. இரு திசைச் சராசரி 8.7 நொடி. நாலாயிரம் சுற்றுக்கு மேல் இழுவை தெளிவாகத் தெரிகிறது. நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது முன்பிருந்ததைவிடச் சற்று மந்தம்தான். ஹெடருக்குச் செலவான பணத்துக்கு இந்த 0.4 நொடி மலிவு என்று சொல்ல மாட்டேன்.

ஜூலை 9, சனி

500 கிலோமீட்டர் ஓடியபின் முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்ததில், இரண்டு நட்டுகள் எட்டில் ஒரு சுற்று வாங்கின. பழைய மேனிஃபோல்டுக்கு எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றியிருக்கிறேன். 2019இல் பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது அதுதான் வண்டியில் இருக்க வேண்டும்.