அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் முன்

கடைசி செமஸ்டரில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி "அடுத்து என்ன?" என்பதுதான். பதில் தெரியாமல் விழிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களிலும் பலர் ஒரு வருஷத்துக்குள் வேறு பதிலுக்குப் போய்விடுவார்கள். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. கல்லூரி நாம் கேட்காமலேயே சில வசதிகளைச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. படிப்பு முடிந்ததும் அவை ஒவ்வொன்றாக நின்றுபோகும். ஜூனியர்கள் என்னிடம் யோசனை கேட்பது வேலையைப் பற்றித்தான். பதறிப்போய் ஃபோன் செய்வது இந்த விஷயங்களுக்காக.

முதலில் கல்லூரி மெயில் ஐடி. சில கல்லூரிகள் அதைப் பழைய மாணவர்களுக்கும் விட்டுவைக்கும், சில ஓரிரு மாதத்திலேயே மூடிவிடும். உங்கள் கல்லூரி எந்த ரகம் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். நான்கு வருஷத்தில் அந்த ஐடியைக் கொடுத்து எங்கெல்லாம் பதிவு செய்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. இன்பாக்ஸில் 'வெல்கம்', 'வெரிஃபை', 'பாஸ்வேர்ட்' என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். வேலை தேடும் தளம், ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழ்கள், கோட் வைத்திருக்கும் கணக்கு என்று வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் நுழைந்து சொந்த மெயிலை மாற்றிக் கொடுங்கள். மெயில் மூடிய பிறகு பாஸ்வேர்டை மறந்தால், அதை மாற்றும் லிங்க் நீங்கள் திறக்க முடியாத அந்த இன்பாக்ஸுக்குத்தான் போகும்.

அந்தக் கணக்கோடு சேர்ந்த டிரைவும் அப்படித்தான். குழுவாகச் செய்த ப்ராஜெக்ட் ஃபைல் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. யாருடைய கணக்கில் உருவானதோ, அந்தக் கணக்கு அழிந்தால் பெரும்பாலும் எல்லோருக்குமே காணாமல் போகும். லிங்க்கை சேமித்து வைப்பதில் பயனில்லை, ஃபைலையே இறக்கி வையுங்கள். கணினிக்காரர்கள் 3-2-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறொரு இடத்தில். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு அது போதும்.

அடுத்தது சான்றிதழ்கள். கையில் வாங்கியதும் படம் எடுத்துப் போடுவதற்கு முன் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட், பட்டம் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து கூடியிருந்தாலும் வளாகத்தில் இருக்கும்போது அது பாதி நாள் வேலை. வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு லீவு, மனு, பிரமாணப் பத்திரம் என்று இழுக்கும். நூலகத்தில் திருப்பாத புத்தகம், கட்டாத அபராதம் என்று ஏதாவது பாக்கி இருந்தால் அதை இந்த வாரமே முடியுங்கள். அற்பத் தொகைக்காக டிரான்ஸ்கிரிப்டை, அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண்களும் அடங்கிய பட்டியலை, நிறுத்திவைக்கும் அலுவலகங்கள் உண்டு.

டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும்போது முத்திரையிட்ட உறையில் கூடுதலாகச் சில பிரதிகள் கேட்டு வாங்குங்கள். கூடவே நீங்கள் படித்த வருஷத்து சிலபஸையும் முழுதாக இறக்கி வையுங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மேற்படிப்புக்கோ வெளிநாட்டு அங்கீகாரத்துக்கோ போகும்போது "இந்தப் பாடத்தில் என்ன படித்தீர்கள்?" என்று விவரம் கேட்பார்கள். அதற்குள் சிலபஸ் மாறி, பழையது இணையதளத்திலிருந்து போயிருக்கும். வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அபோஸ்டில் என்ற சொல்லையும் தெரிந்துவையுங்கள். 1961ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தப்படி, உறுப்பு நாடு ஒன்று தன் ஆவணத்தில் வைக்கும் இந்தச் சான்றை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொள்ளும். தூதரகம் தூதரகமாக அலைய வேண்டியதில்லை. 120க்கு மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன.

பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் ஆசிரியருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும்போதே பேசிவிடுங்கள். வருஷா வருஷம் புது முகங்களைப் பார்க்கிறவர்கள் அவர்கள். "சார், எனக்கு ஒரு லெட்டர் வேணும்" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான லெட்டர்தான் வரும். எந்தப் பாடம், எந்த ப்ராஜெக்ட், அதில் நீங்கள் செய்த பங்கு என்ன என்று அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். "என்னைப் பற்றி நல்லபடியாக எழுத முடியுமா சார்?" என்று கேட்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எழுத விருப்பமில்லாதவர் அந்த இடத்திலேயே நாசூக்காக நழுவிவிடுவார். அரைமனதாக எழுதிய கடிதத்தை விட அது எவ்வளவோ மேல்.

ஆஃபர் லெட்டர் வந்தவர்கள் இரண்டாம் பக்கத்திலிருந்து படியுங்கள். முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் வருஷச் சம்பளத்துக்குள் ஒரே முறை தரும் போனஸ், வேலைத்திறனைப் பொறுத்த தொகை, ஓய்வுக்காலத்துக்கு நிறுவனம் கட்டும் பங்கு எல்லாம் அடங்கியிருக்கலாம். "பிடித்தம் போக மாதா மாதம் கையில் எவ்வளவு வரும்?" என்று ஹெச்.ஆரிடம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், அது இரு தரப்புக்கும் சமமா, பயிற்சிக்காக பாண்டு உண்டா, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். இன்னொரு ஷரத்தைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள்: வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்குவது யாருக்குச் சொந்தம் என்பது. சனி, ஞாயிறுகளில் வீட்டில் உட்கார்ந்து ஒரு ஆப் செய்கிற ஆள் நீங்கள் என்றால், கையெழுத்துக்கு முன் அதை மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள்.

பணத்தில் ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், தொகை இரட்டிப்பாக ஆகும் காலம் தோராயமாகக் கிடைக்கும். கிரெடிட் கார்டில் மாதம் 3 சதவீதம் என்பது கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். 72ஐ 3ஆல் வகுத்தால் 24. கட்டாமல் விட்ட பாக்கி இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு. வருஷக் கணக்கில் பார்த்தால் அது 36 சதவீதத்தோடு நிற்காது, வட்டிக்கு வட்டி சேர்ந்து 42 சதவீதத்தைத் தாண்டும். 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் போட்டிருப்பதை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால், அதில் பெரும்பங்கு வட்டிக்கே போய், பாக்கி மிக மெதுவாகத்தான் குறையும். இதே கணக்கு நம் பக்கமும் வேலை செய்யும்: 22 வயதில் ஒதுக்கிய பணம் வருஷம் 8 சதவீதம் வளர்ந்தால் 9 வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்; 40 வயதில் நான்கு மடங்கு. எங்கே போடுவது என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்தால் மிஞ்சும். மாதக் கடைசியில் மிஞ்சுவதை எடுத்துவைப்போம் என்றால் மிஞ்சாது.

வேலை இன்னும் கிடைக்காதவர்களுக்கு. நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த வேலைகள் உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. எப்போதாவது பார்ப்பவர், அபூர்வமாகப் பார்ப்பவர் மூலம் பெற்றவர்களே மீதி எல்லோரும். லிங்க்டின் தளத்தின் சுமார் 2 கோடிப் பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்விலும், ஓரளவு பழக்கம் உள்ளவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவியிருந்தார்கள். ஆக, இரண்டு வருஷம் முன்பு விழாக் குழுவில் கூட வேலை செய்த சீனியருக்கு எழுதத் தயங்காதீர்கள்.

ஆனால் எழுதும் விதம் முக்கியம். "ஹாய் அக்கா, ரெஃபரல் கிடைக்குமா?" என்று ரெஸ்யூமேயையும் ஒட்டி அனுப்பினால் பதில் வராது, அவர்கள் மேல் தப்பில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "அக்கா, நான் உங்களுக்கு இரண்டு வருஷம் ஜூனியர், விழாக் குழுவில் மேடை வேலை பார்த்தேன். நீங்கள் டெஸ்டிங்கிலிருந்து டேட்டா பக்கம் மாறியதைப் பார்த்தேன். முதல் ஆறு மாதம் எதைப் படித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. பதினைந்து நிமிஷம் பேச முடியுமா? உங்களுக்கு வசதியான நேரம் சொல்லுங்கள்." யார், எதற்கு, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. பேசி முடித்த பிறகு அவர் சொன்னதில் ஒன்றையாவது செய்துவிட்டு, செய்தேன் என்று ஒரு வரி அனுப்புங்கள். ரெஃபரல் பேச்சை அநேகமாக அவரே எடுப்பார்.

தூக்கம், சாப்பாடு, உடற்பயிற்சி பற்றி வீட்டில் சொல்லியிருப்பார்கள், நானும் எதற்கு?

கடைசியாக நண்பர்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணமாகத் தெரிந்த ஒருவர் ஓரளவு நண்பராகச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். வகுப்பு, கேன்டீன், தேர்வுக்கு முந்தைய இரவு என்று கல்லூரியில் இந்த 200 மணி நேரம் ஒரு செமஸ்டரிலேயே தானாகச் சேர்ந்துவிடுகிறது. வேலைக்குப் போன பிறகு, வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரைப் பார்த்தால்கூட இரண்டு வருஷம் ஆகும். விடைபெறும் நாளில் எல்லோரும் "டச்சில் இருப்போம்" என்றுதான் சொல்வார்கள். ஐம்பது பேர் உள்ள குரூப் மூன்றே மாதத்தில் பிறந்தநாள் வாழ்த்துக் குரூப்பாக மாறிவிடும். மூன்று நான்கு பேர் மட்டும் இருக்கிற ஒரு சின்ன குரூப்பைத் தொடங்கி, மாதத்தில் எந்த ஞாயிறு, எத்தனை மணிக்குக் கால் என்பதைப் பிரிவதற்கு முன்பே முடிவு செய்து காலண்டரில் போட்டுவிடுங்கள். யாராவது ஒருவர் வராவிட்டாலும் மீதிப் பேர் பேசுங்கள், ஒத்திப்போட வேண்டாம்.