பதில் வராத விண்ணப்பங்கள்

நிராகரிப்பு மின்னஞ்சல் வந்தால் சந்தோஷப்படுவேன் என்று கல்லூரியில் படிக்கும்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். புள்ளியியலில் பட்டம் வாங்கிய கையோடு தரவுப் பகுப்பாய்வு வேலை தேட ஆரம்பித்தேன். சில மாதங்களிலேயே அந்த நிலைக்கு வந்துவிட்டேன். ‘வருந்துகிறோம், வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்’ என்று ஒரு வரி வந்தால் போதும், அதோடு அடுத்ததைப் பார்க்கப் போய்விடலாம். பெரும்பாலும் அந்த ஒரு வரிகூட வராது. தளத்தில் போய்ப் பார்த்தால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் அதே வேலைக்குப் புது விளம்பரமும் வந்திருக்கும்.

மனவருத்தம்கூட இரண்டு நாளில் போய்விடும். எதைத் திருத்துவது என்று தெரியாமல் போவதுதான் பெரிய தொல்லை. பரீட்சையில் தோற்றால் எந்தக் கேள்வியில் மதிப்பெண் போனது என்றாவது தெரியும். இங்கே ரெஸ்யூமேயை யாராவது படித்தார்களா, படித்துப் பிடிக்கவில்லையா, அந்த இடம் ஏற்கெனவே உள்ளே இருந்த ஒருவருக்குப் போய்விட்டதா, ஆள் எடுக்கும் எண்ணமே இல்லாமல் விளம்பரத்தைப் போட்டு வைத்திருக்கிறார்களா, எதுவுமே தெரியாது. இவை எல்லாவற்றுக்கும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுதான்: மௌனம்.

சரி, பதில் அவர்களிடமிருந்து வராது, நாமே எங்கிருந்தாவது பிடுங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் ரெஸ்யூமே. பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்கள் முதலில் ஒரு மென்பொருளுக்குள்தான் போகின்றன. விண்ணப்பங்களைச் சேகரித்து வரிசைப்படுத்தும் அந்த மென்பொருளை ஏடிஎஸ் என்பார்கள். அது என் ரெஸ்யூமேயை எப்படிப் படிக்கும் என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது: பிடிஎஃப்பில் உள்ள எல்லா எழுத்தையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பது. பக்கத்தை இடது, வலது என்று இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த, பலரும் பாராட்டிய என் டெம்ப்ளேட், ஒட்டியதும் கந்தலாகிவிட்டது. இடது பக்க வரியும் வலது பக்க வரியும் கலந்து, பட்டத்துக்கு நடுவில் மென்பொருள் பெயர்கள் வந்து நின்றன. தொலைபேசி எண் பக்கத்தில் போட்டிருந்த சின்னப் படம் வெறும் கட்டமாக மாறியிருந்தது. எல்லா மென்பொருளும் இப்படித் தடுமாறும் என்று இல்லை. ஆனாலும் ஒரே நெடுவரிசை, சாதாரணத் தலைப்புகள் என்று மாற்றிவிட்டேன்.

நான்கில் மூன்று ரெஸ்யூமேக்களை இயந்திரமே தூக்கிப் போட்டுவிடுகிறது என்று ஒரு கணக்கு இணையம் முழுக்கச் சுற்றுகிறது. புள்ளியியல் படித்த புத்தி சும்மா இருக்குமா? மூலத்தைத் தேடிப் போனேன். ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொண்டே போகிறார்கள், கடைசியில் ஆய்வு என்று ஒன்றும் கிடைக்கவில்லை. தானாக நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் படிவத்தில் கேட்கும் கேள்விகளால்தான்: எத்தனை வருட அனுபவம், எப்போது சேர முடியும், இங்கே வேலை செய்ய அனுமதி உண்டா என்பவை. ‘ஆரம்ப நிலை’ என்று தலைப்புப் போட்டுவிட்டு இரண்டு வருட அனுபவம் கேட்கிற விளம்பரங்கள் இதனால்தான் எரிச்சல். விளம்பரத்தில் மட்டும் கேட்டிருந்தால் துணிந்து விண்ணப்பிக்கலாம். படிவத்திலேயே கட்டாயக் கேள்வியாக இருந்தால் அங்கேயே கதை முடிந்தது.

அப்புறம் பதிவு செய்து அனுப்பும் வீடியோ இன்டர்வியூ. எதிரே ஆள் கிடையாது, திரையில் நம் முகமும் குறைந்துகொண்டே வரும் நொடிகளும்தான். நமக்குக் கேள்வி கேட்க வழியே இல்லாத இன்டர்வியூ இது ஒன்றுதான், எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. வீட்டிலேயே செய்து தரச் சொல்லும் அசைன்மென்ட் பரவாயில்லை. ஆனால் வார இறுதி முழுவதையும் விழுங்கும் வேலை என்றால், முடித்த பிறகு யாராவது உட்கார்ந்து பேசுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவேன். மழுப்பலான பதில் வந்தால் செய்வதில்லை. ஆஃபர் லெட்டரை அனுப்பிவிட்டு, பயிற்சிக் கட்டணம், வைப்புத்தொகை என்று பணம் கேட்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மோசடி, அவ்வளவுதான்.

உருப்படியான பதில்கள் மனிதர்களிடமிருந்து வந்தன, அதுவும் நெருங்கியவர்களிடமிருந்து அல்ல. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை எங்கள் வகுப்பில் வந்தது. நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும், எப்போதாவது பேசும் அறிமுகங்கள் வழியாகத்தான் புதுத் தகவல் வரும் என்பது அதன் சாரம். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022-இல் வெளியான சோதனையின் முடிவும் ஏறக்குறைய அதே பக்கம்தான் சாய்ந்தது. பரீட்சைக்காகப் படித்ததை வாழ்க்கையில் முயன்று பார்த்தேன். முன்பின் தெரியாத சீனியர்களுக்கு எழுதி, வேலை கேட்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: காலையில் வந்ததும் எதைத் திறந்து வைத்து உட்காருவீர்கள்? நான் எழுதியவர்களில் பாதிப் பேர்தான் பதில் போட்டார்கள். அவர்களில் அநேகர் சொன்னது எஸ்கியூஎல், அதாவது தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்க உதவும் மொழி. என் ரெஸ்யூமேயின் தலையில் இருந்ததோ மெஷின் லேர்னிங். வரிசையை மாற்றினேன். கடைசிச் சுற்றில் வெளியே போன ஒரு இடத்தில், என்ன குறை என்று கேட்டு எழுதியதற்கு அந்த மேலாளர் இரண்டு வரி அனுப்பினார்: ‘எந்த முறையில் செய்தாய் என்று விளக்கினாய். அதை வைத்து நிறுவனம் என்ன முடிவு எடுக்கலாம் என்று சொல்லவில்லை.’ அத்தனை மாதத்தில் கிடைத்த மிக உபயோகமான இரண்டு வரிகள் அவை.

வேலை கடைசியில் ஒரு தோழியின் அக்காவோடு முன்பு வேலை பார்த்தவர் மூலம் வந்தது. ஒப்பந்த வேலைதான், சம்பளமும் நினைத்ததைவிடக் குறைவு. யோசிக்காமல் சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த பிறகு எங்கள் குழுவுக்கு இன்னொரு ஆள் எடுத்தார்கள். விண்ணப்பங்களைப் பார்க்க என்னையும் உட்கார வைத்தார்கள். முதல் இரண்டு நாளில் வந்தவற்றைத்தான் ஒழுங்காகப் படித்தோம். பேசிப் பார்க்கப் போதுமான ஆட்கள் தேறியதும் மீதியை யாரும் திறக்கவில்லை, விளம்பரம் மட்டும் தளத்தில் அப்படியே கிடந்தது. அதனால் ஜூனியர்கள் கேட்டால், விளம்பரத்தின் தேதியை முதலில் பாருங்கள் என்கிறேன். ஒரு மாதப் பழையது என்றால், அந்தப் படிவத்தை நிரப்பும் நேரத்தில் அங்கே வேலை பார்க்கிற ஒருவருக்கு நாலு வரி எழுதி, அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிடலாம்.