உருஷி படிக்கப் போனதும் குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டும்

ஜப்பானில் கைவினை படிக்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் மொழியைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். மொழி கஷ்டம்தான், மறுக்கவில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, வகுப்பு இருக்கிறது. இனிஷியலுக்கும் தபால்தலைக்கும் 9,800 யென் விண்ணப்பக் கட்டணத்துக்கும் எந்த வகுப்பும் கிடையாது. அந்த மூன்றும்தான் என் தூக்கத்தைக் கெடுத்தன. அதே வழியில் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் படிக்கப் போனது உருஷி. நம்மூர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. இது மரத்தைக் கீறி எடுக்கிற பால். அதைக் கிண்ணம், பெட்டி, கோயில் தூண் என்று எல்லாவற்றிலும் பூசுகிறார்கள். பல்கலைக்கழக அளவில் இதைச் சொல்லித்தரும் இடங்கள் அதிகம் இல்லை. டோக்கியோ கலைப் பல்கலைக்கழகம், கியோட்டோ, கனசாவா, ஹிரோஷிமா நகரங்களின் கலைக் கல்வி நிறுவனங்கள், டொயாமா பல்கலைக்கழகத்தின் தக்காஒகா வளாகம் என்று விரல்விட்டு எண்ணலாம். நான் சேர்ந்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்னும் அதே அலுவலகத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நேராக முதுகலையில் சேர்வது வெளிநாட்டவருக்குச் சிரமம் என்பதால் பெரும்பாலானோர் கென்க்யூசெய் என்ற ஆய்வு மாணவராக முதலில் நுழைவார்கள். பட்டம் கிடையாது, பேராசிரியரின் பட்டறையில் இடம் கிடைக்கும், அங்கிருந்து முதுகலை நுழைவுத்தேர்வுக்குத் தயாராகலாம். தேசியப் பல்கலைக்கழகங்களில் இதற்கு வழக்கமான கட்டணம்: விண்ணப்பத்துக்கு 9,800 யென், சேர்க்கைக்கு 84,600, மாதத்துக்கு 29,700. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் அந்தப் பக்கம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை.

விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன் ஒரு பேராசிரியர் "சரி, இவரை எடுத்துக்கொள்கிறேன்" என்று சம்மதிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே இல்லை. அப்புறம் ஜப்பானிய மொழியில், என் டீச்சர் திருத்திக் கொடுத்த கடிதத்தோடு, என் வேலைகளின் படங்களை அச்சடித்துத் தபாலில் அனுப்பினேன். அதற்குப் பதில் வந்தது. இன்னொன்று, ஒரே துறையில் இரண்டு பேராசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் எழுதிவிடாதீர்கள். அவர்கள் அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள். தெரிந்தால் இருவரும் கைகழுவிவிடுவார்கள்.

காணொளி நேர்காணலில் வழக்கமான கேள்விதான், ஏன் உருஷி? நான் பண்ருட்டிப் பக்கத்துக்காரன். முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களின் விரல்களைப் பார்த்து வளர்ந்தவன். அந்த ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். முந்திரி, மா, உருஷி மரம் மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். தோலைப் புண்ணாக்கும் பொருட்களும் ஒன்றுக்கொன்று உறவு. ஜப்பானில் உருஷிக்கு மலிவான மாற்றாக முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்த பூச்சையே விற்கிறார்கள், பெயரும் 'கஷ்யூ'தான். இதைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும், அதுவரை கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த பேராசிரியர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கஷ்யூ டப்பாவைக் கொண்டுவந்து கேமரா முன் காட்டினார். நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த ஆய்வுத் திட்டத்தைப் பற்றி அதன்பின் ஒரு கேள்வியும் இல்லை.

சம்மதம் கிடைத்த சந்தோஷம் கல்லூரி அலுவலகம் வரைக்கும்தான். கேட்டிருந்தது இரண்டே இரண்டு: மதிப்பெண் பட்டியல், பட்டம் முடித்த சான்றிதழ். இரண்டும் கல்லூரியே உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் முத்திரை வைத்துத் தர வேண்டும். கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்த எழுத்தர், "தம்பி, கவர்ல போட்டு சீல் வைக்கிற பழக்கமெல்லாம் இங்க இல்ல. ஒரிஜினல் உங்ககிட்ட இருக்குல்ல, அதையே அனுப்புங்க" என்றார். ஒரிஜினலை அனுப்பினால் திரும்பி வராது சார் என்றேன். அப்படியென்றால் முதல்வர் கையெழுத்து வேண்டும், முதல்வர் விடுப்பு. முதல்வர் வந்த அன்று இந்த எழுத்தர் விடுப்பு. கடைசியில் உறை, பசை, ஸ்டாம்ப் பேடு எல்லாவற்றையும் நானே வாங்கிக்கொண்டு போய் மேசையில் பரப்பியதும் வேலை நடந்தது. ஸ்டாம்ப் பேடு அங்கேயே தங்கிவிட்டது.

சான்றிதழில் ஜப்பானியர்கள் தேடுவது பட்டம் முடித்த தேதி: நாள், மாதம், வருடம். நம் புரொவிஷனலில் மாதமும் வருடமும்தான் இருக்கும். கான்வகேஷன் எப்போது நடந்ததோ அது இன்னொரு தேதி. எந்தத் தேதி சரி என்று அங்கிருந்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் "இன்ன தேதியோடு இவர் படிப்பை முடித்தார்" என்று தனியாக ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம் படித்த வருடங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். முதுகலைக்கு 16 வருடப் படிப்பு கேட்பார்கள். நான் படித்த பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) நான்கு வருடம் என்பதால் எனக்குப் பிரச்சினை இல்லை. மூன்று வருட டிகிரி முடித்தவர்களுக்குத் தனியாகத் தகுதி ஆய்வு உண்டு. அதற்கான கெடு விண்ணப்பக் கெடுவுக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இனி பெயருக்கு வருகிறேன்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. தமிழ்நாட்டில் பாதிப் பேர் பாஸ்போர்ட் அப்படித்தான். டிகிரியில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பல்கலைக்கழகத்தின் இணையப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. கேட்டால், "பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்பவும்" என்று பதில். பாஸ்போர்ட்டில் ஒன்றுமே இல்லையே என்று எழுதினேன். "பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்பவும்" என்று, அதே வாக்கியம், அதே மரியாதையோடு திரும்பி வந்தது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு அனுப்பினால், சான்றிதழில் இருக்கும் ஆளும் விண்ணப்பத்தில் இருக்கும் ஆளும் ஒருவர்தானா என்று விளக்கம் கேட்டார்கள். நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதி, அதை ஜப்பானிய மொழியில் பெயர்த்து, பெயர்த்தவர் கையெழுத்தும் வைத்து அனுப்பிய பிறகுதான் அடங்கினார்கள்.

என் ஒரே அறிவுரை: ஜப்பான் எண்ணம் வந்த அன்றே பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்து, பெயரை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இந்தச் சனியன் சேர்க்கையோடு முடிவதில்லை. வங்கிக் கணக்கில் பெயரை கதகானா என்ற, வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஜப்பானிய எழுத்தில் எழுத வேண்டும். கட்டங்கள் தீர்ந்துபோகும், நம் பெயர் தீராது. வங்கி ஒரு மாதிரி வெட்டும், கைபேசிக் கடை வேறு மாதிரி வெட்டும், அப்புறம் இரண்டும் பொருந்தவில்லை என்று கைபேசிக்கான மாதப் பணம் கணக்கிலிருந்து கழியாது. அங்கே போய் இறங்கியதும் எந்தக் கதகானா எழுத்துக்கூட்டல் என்று ஒன்றை முடிவுசெய்து, ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே காட்டுங்கள்.

9,800 யென் கதை இன்னும் அழகு. அந்தப் பணத்தை வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக அனுப்ப முடியாது. அவர்கள் தரும் அச்சிட்ட சீட்டை ஜப்பானில் ஒரு தபால் நிலைய கவுன்ட்டரில் கொடுத்துக் கட்டி, முத்திரை விழுந்த துண்டைப் படிவத்தில் ஒட்ட வேண்டும். சீட்டு என் கையில், நான் கடலூர் மாவட்டத்தில். இதோடு, முடிவை அனுப்புவதற்கு ஜப்பான் தபால்தலை ஒட்டிய உறையும் வைக்கச் சொல்லியிருந்தார்கள். பண்ருட்டித் தபால் நிலையத்தில் ஜப்பான் தபால்தலை கேட்டால் என்ன சொல்வார்களோ, கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காப்பாற்றியவர் டோக்கியோவின் நிஷிக்கசாயில் ஐடி வேலையில் இருக்கும் விழுப்புரத்து அண்ணன் ஒருவர். நண்பனின் நண்பனுக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான் உறவு. மொத்த விண்ணப்பத்தையும் கூரியரில் அவருக்கு அனுப்பினேன். அவர் மதிய இடைவேளையில் போய்ப் பணம் கட்டி, துண்டை ஒட்டி, உறையில் தன் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பினார். சில நாளில் அவருக்குப் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து போன்: உறையில் தபால்தலை போதவில்லை. விண்ணப்ப வழிகாட்டிப் புத்தகத்தில் போட்டிருந்த தொகையைத்தான் ஒட்டியிருந்தார். 2024 அக்டோபர் 1 முதல் சாதாரணக் கடிதத்துக்கு 84 யென் என்பது 110 ஆகிவிட்டது. வழிகாட்டி அதற்கு முன்பே அச்சானது. அச்சடித்தது யார் என்று அண்ணன் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன், சீட்டும் கிழிந்திருக்கும். அவர் பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, குறைந்த தபால்தலைகளை விரைவுத் தபாலில் அனுப்பிவைத்தார். "தம்பி, இங்க சரி தப்புன்னு பேசினா நாலு நாள் போயிடும். கெடு நாளைக்கு முன்னாடி போய்ச் சேரணும், அதைப் பாரு" என்றார்.

கெடு விஷயத்தில் அவர் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கடைசித் தேதிக்குள் தபால் முத்திரை விழுந்திருந்தால் போதும். சில இடங்களில் அந்தத் தேதிக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வழிகாட்டியில் அது சின்ன எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும்.

விசாவுக்குத் தேவையான தங்கும் தகுதிச் சான்று பல்கலைக்கழகம் வழியாக வந்தது. செலவுக்கு அப்பாவின் வங்கிக் கணக்கைக் காட்டினோம். திடீரென்று மொத்தமாகப் பணம் விழுந்த கணக்கென்றால் துருவுவார்கள், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் விசா சிக்கலில்லாமல் கிடைத்தது. போனதும் 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரி பதிவு, அங்கேயே மருத்துவக் காப்பீடு. வருமானம் இல்லை என்று அவர்களிடம் எழுதிக் கொடுங்கள், காப்பீட்டுத் தொகை குறையும். கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் காப்பீடு சீக்கிரமே வேலைக்கு வந்தது. பட்டறையில் ஆரம்பத்தில் உருஷி பக்கமே விடவில்லை. கத்தி தீட்டு, மரத்தைச் செதுக்கி உனக்கான ஹெராவை நீயே செய் என்றார்கள். ஹெரா என்பது பூச்சை வழித்துப் பரப்பும் தட்டையான மரக்கரண்டி. தொட்டே பார்க்காத நிலையில், அறையில் மற்றவர்கள் பூசிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் இமை வீங்கி, விரல் இடுக்கெல்லாம் கொப்புளம். முந்திரிக்காட்டு ஊர்க்காரனுக்கு இதெல்லாம் பழகியிருக்கும் என்று சீனியர்கள் தைரியம் சொல்லியிருந்தார்கள். நடந்தது நேர்மாறு. முந்திரி எண்ணெய்க்கு ஏற்கெனவே கொப்புளித்த உடம்பு உருஷியையும் அடையாளம் கண்டுகொள்ளும். தோல் மருத்துவர் எந்தப் பட்டறை என்றுதான் முதலில் கேட்டார். களிம்பு எழுதிக் கொடுத்தார். கட்டணத்தில் 30 சதவீதம் நம் பங்கு.

படப்போகிறவர்களுக்கு: கையில் உருஷி பட்டால் சோப்பிடம் ஓடாதீர்கள். முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து எடுங்கள், அப்புறம் சோப்பு. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணைத் தொடாத பழக்கம். எனக்குக் கொஞ்ச காலத்தில் தணிந்தது. சிலருக்குத் தணிவதில்லை, அப்படி நெசவுப் பக்கம் மாறிப்போன ஒருவரும் எங்கள் வளாகத்தில் உண்டு.

வேறொரு விஷயத்தில் நம்மூர் ஞானம் காலை வாரும். பூசியதைக் காயவைப்பது என்றால் வெயிலில் வைப்பதுதானே நமக்குத் தெரியும்? உருஷி ஈரக்காற்றில்தான் இறுகும். முரோ என்ற மூடிய பெட்டிக்குள், 20 முதல் 25 டிகிரி வெப்பம், 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வைத்து விடுவார்கள். குளிர்காலத்தில் ஈரத்துண்டை மறந்தால் மறுநாளும் பிசுபிசுவென்றே இருக்கும். ஈரம் அதிகமானால் மேற்பரப்பு சுருங்கிப்போய், தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

செலவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பூச்சும் கருவிகளும் மாணவர் கைக்காசு. ஒரு மரம் பத்து வருடத்துக்கு மேல் வளர்ந்து, ஒரு பருவம் முழுக்கக் கீறினால் கிடைப்பது சுமார் 200 கிராம். ஜப்பானில் எடுப்பது, முக்கியமாக இவாத்தே மாநிலத்து ஜோபோஜியில் எடுப்பது, சீனச் சரக்கைவிடப் பல மடங்கு விலை. 2015க்குப் பிறகு தேசியப் பொக்கிஷக் கட்டடங்களின் பராமரிப்புக்கு உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த அரசு சொல்லிவிட்டதால் அது நம் கைக்கு எட்டுவது இன்னும் அரிது. பயிற்சிக்குச் சீன உருஷியே தாராளம், எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். தூரிகை மனிதத் தலைமுடியில் செய்வது. பென்சில் போல மரத்தைச் சீவச்சீவ உள்ளிருந்து புதுமுடி வரும். அதன் விலையைப் பார்த்ததும் கடையிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

வாங்கவும் வேண்டியதில்லை. மார்ச்சில் படிப்பை முடித்துப் போகிறவர்கள் பாதி தேய்ந்த தூரிகை, ஹெரா, சில சமயம் முரோ பெட்டியைக்கூடப் பட்டறையில் விட்டுவிட்டுப் போவார்கள். ஏப்ரலில் சேர்கிறவர்கள் விசா கிடைத்தால் மார்ச் கடைசி வாரமே போய்விடுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் போனால் இரண்டாம் வருடத்துக்காரர்கள் எல்லாவற்றையும் பங்கு போட்டு முடித்திருப்பார்கள்.