அரிக்கன் லாம்பு மாஸ்டர்

எங்களுக்கு அளவையியல் (தர்க்கம்) படிப்பித்த மாஸ்டர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் வந்தது. கீழே வரிசையாக ‘ஆழ்ந்த இரங்கல்’. எத்தனை அடி ஆழம் என்று கேட்டிருப்பார் மனிதர்.

வெள்ளிக்கிழமை மாணவர் மன்றத்தில் நான் பட்ட அவமானம் என் வகுப்பாருக்கு மறந்திருக்காது. ‘கடவுள் இறந்துவிட்டார் என்று ஜெர்மன் தத்துவஞானி நீட்சே நிரூபித்துவிட்டார்’ என்று முழங்கினேன். கைதட்டலும் கிடைத்தது. பின்வரிசையிலிருந்து மாஸ்டர் எழுந்தார். “தம்பி, அதைச் சொன்னது யார்? யாரிடம்?” நான் வாசித்திருந்ததோ ஒரு சஞ்சிகையில் வந்த ஒற்றை வரி. வாட்சரின் அரிக்கன் லாம்பைக் கொளுத்திக் கையில் தந்து, பத்து மணி வெயிலில் முற்றத்தைச் சுற்றி வரச் சொன்னார். கீழ்வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல்களில் தொங்கினார்கள்.

பிறகுதான் பாடம். நீட்சேயின் 1882ஆம் ஆண்டு நூலில் 125ஆம் பகுதி. வெளிச்சமான காலையில் விளக்கோடு சந்தைக்கு ஓடிவந்து கடவுளைத் தேடுகிறான் ஒரு பைத்தியக்காரன். அங்கே நின்றவர்களில் பலர் ஏற்கெனவே நம்பிக்கையற்றவர்கள். கப்பலேறிவிட்டாரா, குடிபெயர்ந்துவிட்டாரா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவரைக் கொன்றது நாம்தான் என்கிறான் அவன். செய்தி இன்னும் மனிதர் காதுக்கு எட்டவில்லையாம். “இதில் நிரூபணம் எங்கே? ஏச்சு முழுவதும் நாத்திகருக்குத்தான்” என்றார் மாஸ்டர். 1945இல் பிரெஞ்சுத் தத்துவஞானி சார்த்தர் பாரிஸில் ஆற்றிய உரையையும் இழுத்தார். கடவுளைக் கழித்துவிட்டு ஒழுக்கத்தை மட்டும் மலிவாக வைத்துக்கொள்ளப் பார்த்த 1880களின் பிரெஞ்சுப் பேராசிரியர்களைச் சார்த்தர் அதில் விட்டுவைக்கவில்லை. கடவுள் இல்லாதது அவருக்குப் பெரும் சங்கடம்: இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை.

மாஸ்டர் நம்பினாரா? நெற்றியில் திருநீறு ஒருநாளும் தவறியதில்லை. கோயில் வாசலில் அவரைக் கண்டவரும் இல்லை.

பாரிஸ் வந்த புதிதில், சார்த்தரும் அவரது துணை சிமோன் த பூவாவும் ஒன்றாய்க் கிடக்கும் மொன்பர்னாஸ் கல்லறையைப் படமெடுத்து அனுப்பினேன். ‘உரை நடந்த மண்டபத்தையும் பார்’ என்று பதில் வந்தது. உணவகத்தில் கோப்பை கழுவியவனுக்கு மண்டபம் தேட எங்கே நேரம்?

இப்போது பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் மாணிக்க விநாயகர் தேர் வரும்போது மஞ்சள் அங்கியோடு சனத்தை ஒழுங்குபடுத்துபவர்களில் நானும் ஒருவன். சந்தைக்காரர் சொன்னது சரி, குடிபெயர்ந்துதான் விட்டார். இதை மாஸ்டருக்கு எழுதாமல், நேரில் சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன். கையில் கடவுச்சீட்டு வந்தபோது, அவருக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை என்றார்கள். டிக்கெட் எடுக்கவில்லை.